சிஇடி எழுதும் பிள்ளைக்குப் படிப்புச் சான்றிதழ் தயாரா?

பெங்களூரில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நம்மவர்கள் பலர், சிஇடி என்னும் கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வு வழியாகக் கிடைக்கும் இன்ஜினியரிங் அரசு சீட்டுக்கு மார்க் மட்டும் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். இந்தத் தேர்வை நடத்தும் கேஇஏ (கர்நாடகத் தேர்வு ஆணையம்) கவுன்சலிங்கில் பொதுவாகக் கேட்பது இது: 1 முதல் 12ஆம் வகுப்பு வரை குறைந்தது 7 ஆண்டுகள் கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும், பத்தாவதோ பியுசியோ (நம்ம பிளஸ் டூ) இங்கே தேறியிருக்க வேண்டும். வீட்டில் தமிழ் பேசுவது தடையே இல்லை.

இதற்கான படிப்புச் சான்றிதழில் தலைமையாசிரியர் கையெழுத்தோடு பிஇஓ (வட்டாரக் கல்வி அலுவலர்) மேலொப்பமும் வாங்கிவிடுங்கள். பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியாக வாங்க வேண்டும். கையில் வாங்கியதும் கவுன்ட்டரிலேயே நின்று பெயரைப் பாருங்கள். பள்ளி ரெக்கார்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பத்தாவது மார்க் ஷீட்டில் அப்பா பெயரே முழுசாக என்று நம் பிள்ளைகளுக்குத்தான் இந்தக் குழப்பம் அதிகம். ஏப்ரலில் பள்ளி மூடுவதற்குள் முடித்துவிடுங்கள், அப்புறம் ஆள் பிடிப்பது கஷ்டம்.

அண்ணா பல்கலைக்கழகமும் மனதில் இருக்கிறதா? சரி, பூர்வீகம் தமிழ்நாடு என்றால் சொந்த ஊர் தாலுகாவில் நேட்டிவிட்டி சான்றிதழுக்கு இ-சேவை மையம் வழியாக இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.