கன்தாபமோஸைப் பிரித்த கதை

ஸ்பானிஷ் கற்கத் தொடங்கியபோது வினைச்சொற்களில்தான் அதிகம் தடுமாறினேன். 'கன்தோ' என்பதில் முதல் அசையை அழுத்தினால் 'நான் பாடுகிறேன்'. கடைசி அசையை அழுத்தினால் 'அவள் பாடினாள்'. எழுத்தில் வித்தியாசம் அந்த ஓ மேல் விழும் ஒரு சாய்கோடு மட்டுமே. 'நேற்று பாடினாள்' என்று எழுத நினைத்து, கோட்டை விட்டுவிட்டு, 'நேற்று நான் பாடுகிறேன்' என்று எழுதி வைத்திருந்தேன்.

காரணம் பிறகுதான் புரிந்தது. அசையையும் (வாயில் பிரியும் துண்டு) சொல்லுறுப்பையும் (பொருளால் பிரியும் துண்டு) ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருந்தேன். 'கன்தாபமோஸ்' (வழக்கமாகப் பாடினோம்) அசையில் கன்-தா-ப-மோஸ். உறுப்பில் கன்த்-ஆ-ப-மோஸ்: பகுதி, இணைப்புயிர், காலம், 'நாம்' என்னும் விகுதி. நம் 'பாடினோம்' இப்படித்தானே! வாயில் பா-டி-னோம், இலக்கணத்தில் பாடு+இன்+ஓம். பள்ளியில் படித்த பகுபத உறுப்பிலக்கணம் இங்கே வந்து கைகொடுத்தது.

அப்புறம் ஒவ்வொரு வினையையும் இரண்டு வரியாக எழுதினேன். மேலே அசை, கீழே உறுப்பு. அழுத்தத்தை மேல்வரியில் மட்டும் பார்ப்பேன். உயிர், ன், ஸ் இவற்றில் முடிந்தால் ஈற்றயல் அசையில், அதாவது கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம். மற்ற மெய்யில் முடிந்தால் கடைசியில். இதை மீறினால் சாய்கோடு. ன், ஸ் இரண்டும் வினை விகுதியாகவும் வருபவை. அதனால் 'கன்தா' (பாடுகிறாள்), 'கன்தாஸ்' (பாடுகிறாய்), 'கன்தான்' (பாடுகிறார்கள்) மூன்றிலும் அழுத்தம் முதல் அசையிலேயே நிற்கிறது. இது பிடிபட்ட அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.