கடத்தல்காரனைத் துரத்தும் திரில்லர் எழுதுகிறீர்களா? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்

கடத்தல்காரன் மகா கெட்டிக்காரன் என்று முதல் அத்தியாயத்திலேயே நாலு பேர் சொல்லிவிடுவார்கள், ஆனால் கதையைப் படித்துக்கொண்டே போனால் அவன் ஒவ்வொரு முறையும் தப்பிப்பது துப்பறிபவரின் மடத்தனத்தால்தான். துணைக்கு ஆள் இல்லாமல் போவார், கிடைத்த தடயத்தை யாரிடமும் சொல்ல மாட்டார். நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். துப்பறிபவர் சரியாக யோசித்து, சரியான நேரத்துக்குப் போய், அப்படியும் கோட்டை விட வேண்டும். அப்போதுதான் வாசகருக்கு அவன்மேல் பயம் வரும்.

அடுத்தது, கடத்தலைக் கொலைக் கதை மாதிரி எழுதுவது. கொன்றவன் ஓடி ஒளிந்துகொள்ளலாம். பணத்துக்காகக் கடத்தியவனால் அது முடியாது. அவன் பேச வேண்டும், பணத்தை வாங்க வேண்டும், அப்புறம் அதைச் செலவழிக்கவும் வேண்டும். அமெரிக்காவில் 1932-இல் விமானி லிண்ட்பெர்கின் குழந்தையைக் கடத்திய வழக்கில் 50,000 டாலர் கைமாறியது, நோட்டுகளின் எண்களைக் குறித்துவைத்தே கொடுத்தார்கள், அதில் பெரும்பகுதி தங்கச் சான்று நோட்டுகள், அதாவது கொடுத்துத் தங்கமாக மாற்றிக்கொள்ளக்கூடிய வகை. மறு வருடமே அரசு அந்த வகை நோட்டுகளைத் திரும்பப் பெறத் தொடங்கியதால், கடையில் நீட்டினாலே கண்ணில் படும் நிலை. 1934-இல் பெட்ரோல் நிலைய ஊழியர் ஒருவர் தனக்கு வந்த அப்படிப்பட்ட 10 டாலர் நோட்டிலேயே அதைக் கொடுத்த ஆளின் கார் எண்ணை எழுதிவைத்தார், அதை வைத்து ஹாப்ட்மேன் என்ற அந்த ஆள் பிடிபட்டார். இரண்டரை வருடம்! துரத்தலும் அடிதடியும் இல்லாத இந்தக் காத்திருப்பில் எவ்வளவு பதற்றம் இருக்கிறது பாருங்கள். உங்கள் ஆள் எவ்வளவு தந்திரக்காரனாக இருந்தாலும் பணம் வாங்க எப்படி வருவான் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு எழுத உட்காருங்கள்.

சின்னச் சின்ன பொய்களும் உண்டு. கைக்குட்டையில் குளோரோஃபார்ம் வைத்து அழுத்தியதும் யாரும் நொடியில் மயங்குவதில்லை, சில நிமிடங்கள் ஆகும். “இன்னும் கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுங்கள், இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம்” என்று போலீஸ் சொல்வது பழைய இயந்திரத் தொலைபேசி இணைப்பகக் காலத்துச் சங்கதி. இப்போது யார் எந்த எண்ணிலிருந்து அழைத்தார்கள் என்பது இணைப்பு கிடைத்தவுடனே பதிவாகிவிடும், அதனால் அந்த எண் யார் கையில் இருக்கிறது என்பதில் சிக்கலை வையுங்கள்.

எனக்கு மனசு வலிப்பது வேறொன்று. கடத்தப்பட்டவரைப் பலர் ஒரு பார்சல் மாதிரி எழுதுகிறார்கள். நூறாவது பக்கத்தில் காணாமல் போனவர் முந்நூறாவது பக்கத்தில் கட்டவிழ்க்கப்படுவதற்காக மட்டும் வருகிறார். அந்த இருட்டறையில் அவர் என்ன கேட்டார், சாப்பாடு எத்தனை முறை வந்தது, கொண்டுவந்தவனின் நடையில் என்ன வித்தியாசம் என்பதை அவர் வழியாகவே சொல்லுங்கள், துப்பறிபவர் கையில் இல்லாத பாதித் தடயம் அவரிடம்தான் இருக்கும். மீட்டதும் அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுவதோடு அவரை விட்டுவிடாதீர்கள். அன்று இரவு படுக்கப்போகும்போது அறைக் கதவை யாரோ சாத்த வருகிறார்கள், அவர் என்ன செய்கிறார் என்று எழுதுங்கள்.