கார் ஒரு கிலோமீட்டருக்கு உண்மையில் எவ்வளவு கேட்கிறது?
பெட்ரோலை மட்டும் கணக்குப் பார்த்தால் கார் மலிவாகத்தான் தெரியும். ஆண்டுதோறும் காரின் மதிப்பு குறைவது, அதாவது தேய்மானம், கண்ணில் படாது. வாங்கிய விலையிலிருந்து இன்றைய மறுவிற்பனை விலையைக் கழித்து, வைத்திருந்த ஆண்டுகளால் வகுங்கள். அதோடு ஓராண்டின் கார் கடன் வட்டி, காப்பீடு, டயர், சர்வீஸ், எரிபொருள், பார்க்கிங் செலவைக் கூட்டி, அந்த ஆண்டு ஓடிய கிலோமீட்டரால் வகுங்கள். தவணையின் அசலைச் சேர்க்காதீர்கள். அது தேய்மானத்திலேயே அடங்கிவிட்டது. பலரும் தவறுவது இங்கேதான். வட்டியை மட்டும் விடவே கூடாது: 1919-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தனக்கெனக் கடன் நிறுவனம் தொடங்கிய காலத்திலிருந்தே காரோடு கடனும் வீட்டுக்குள் வருகிறது.

அடுத்து, ஒரு மாதம் ஒவ்வொரு பயணத்துக்கும் ஓடோமீட்டர் எண்ணைக் குறித்து, 2 கிலோமீட்டருக்குக் குறைந்தவற்றை வட்டமிடுங்கள். எஞ்சின் சூடேறும் முன்பே முடிவதால் இவற்றில் எரிபொருள் கூடுதலாக எரியும், ஆயிலில் ஈரமும் சேரும். நடந்தோ சைக்கிளிலோ போக முதலில் இவற்றையே தேர்ந்தெடுங்கள்.