ஷேக்கிள் மாற்றியதும் நடுங்கும் ஜீப்: ஆப்பின் தடித்த பக்கம் எங்கே?

பழைய ஜீப்பின் பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கலாம் என்று 2 அங்குலம் கூடுதல் நீளமுள்ள ஷேக்கிள் (ஸ்பிரிங்கின் பின்முனையைச் சேஸிஸோடு இணைக்கும் பட்டை) போட்டேன். வண்டி 1 அங்குலம் உயர்ந்தது (கூடுதல் நீளத்தில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும்). கூடவே 60 கி.மீ. வேகத்தைத் தொட்டால் சீட்டுக்கு அடியில் ஒரு நடுக்கம்.

முதலில் அதே 60-இல் மூன்றாவது கியரிலும் டாப்பிலும் ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் மாறவில்லை என்றால் இன்ஜின் மேல் பழி இல்லை. டயர் பாலன்ஸும், கிராஸ் (பின் ஆக்ஸிலைச் சுழற்றும் ஷாஃப்ட்டின் இரு முனையிலும் உள்ள மடங்கும் மூட்டு) தேய்மானமும் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள்.

அடுத்து கோணம். சாய்ந்த நிலையில் சுழலும் கிராஸ், ஒவ்வொரு சுற்றிலும் ஷாஃப்ட்டின் வேகத்தை இரண்டு முறை கூட்டிக் குறைக்கும். மறுமுனை கிராஸும் அதே கோணத்தில் இருந்தால் அந்த ஏற்ற இறக்கம் ஒன்றுக்கொன்று அடிபட்டுப்போகும். அதற்கு டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர்பாக்ஸிலிருந்து வரும் சக்தியை முன், பின் ஆக்ஸிலுக்குப் பிரிக்கும் பெட்டி) தண்டும் பினியனும் (ஷாஃப்ட்டின் பின்முனை சேரும் ஆக்ஸில் தண்டு) இணையாக நிற்க வேண்டும்; வித்தியாசம் 1 டிகிரிக்குள். ஒரு முனையில் இரட்டைக் கிராஸ் உள்ள டபுள் கார்டன் ஷாஃப்ட் என்றால் கணக்கே வேறு, அது இங்கே வேண்டாம்.

அளக்கும்போது நான்கு சக்கரமும் தரையில் இருக்கட்டும். சேஸிஸை ஜாக்கியில் தூக்கினால் ஆக்ஸில் தொங்கிவிடும், அளவு பொய்யாகும். காந்தம் வைத்த டிஜிட்டல் கோணமானிதான் என் கட்சி. போன் ஆப் வேண்டாம். முதுகில் கேமரா துருத்திக்கொண்டிருக்கும்போது அது எப்படிச் சரியாக உட்காரும்?

என் அளவு: டிரான்ஸ்ஃபர் கேஸ் தண்டு பின்னோக்கி 4 டிகிரி கீழே, பினியன் மூக்கு 6.5 டிகிரி மேலே. ஸ்பிரிங்கின் பின்முனை இறங்கியதில் மூக்கு தூக்கிக்கொண்டது. ஆக மூக்கை இறக்க 2.5 டிகிரி ஆப்பு (ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே செருகும் சரிவான தகடு) தேவை. இரும்பில் வாங்குங்கள், அலுமினியம் நாளடைவில் நசுங்கும்.

இங்கேதான் எனக்கு நானே ஆப்பு வைத்துக்கொண்டேன். தடித்த பக்கத்தை முன்னால் வைத்து முடுக்கிவிட்டு ஓட்டினால், நடுக்கம் இரண்டு மடங்கு! மூக்கு 9 டிகிரிக்குப் போயிருந்தது. என் வண்டியில் ஸ்பிரிங் ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கிறது. அதனால் மூக்கு இறங்கத் தடித்த பக்கம் பின்னால் வர வேண்டும். ஸ்பிரிங் ஆக்ஸிலுக்கு மேலே இருந்தால் அப்படியே தலைகீழ். மனக்கணக்கை நம்பாமல், ஆக்ஸிலை ஸ்பிரிங்கோடு கட்டும் யூ போல்ட்டை லேசாக முடுக்கி, வண்டியைத் தரையில் இறக்கி, ஓட்டாமல் ஒரு தடவை அளந்துவிடுங்கள். சரியாக இருந்தால் அப்புறம் முழுதாக முடுக்கலாம். 100 கி.மீ. ஓடியதும் இன்னொரு முறை.

ஸ்பிரிங் பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டை மறக்காதீர்கள். ஆப்பின் தடிமனையும் தாண்டி அதன் தலை ஆக்ஸில் குழியில் உட்கார வேண்டும். பழையது எட்டாது.

பின்சேர்க்கை: கோணம் சரி, நடுக்கம் மட்டும் போகவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். ஷாஃப்ட்டைக் கழற்றியபோது ஸ்பிளைனில் (ஷாஃப்ட்டின் இரண்டு துண்டும் ஒன்றுக்குள் ஒன்று செருகும் பல் வெட்டிய பகுதி) உருவிவிட்டு, ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறார். இரு முனை யோக்கும் (கிராஸைப் பிடிக்கும் கவை) ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். உருவுவதற்கு முன் இரண்டு துண்டின் மேலும் சேர்த்து ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பெயின்ட் எல்லாம் தேட வேண்டாம், வீட்டிலிருக்கும் நெயில் பாலிஷ் போதும்.