குழந்தையின் சொந்தக் கதைக்குக் கரு தேடுவது எப்படி?

ஐந்து முதல் எட்டு வயதுக்குள் இருக்கும் ஒரு குழந்தை வெற்றுத் தாளைப் பார்த்தபடி "எழுத ஒன்றுமே இல்லை" என்று சொன்னால், அதன் வாழ்வில் நிகழ்ச்சிகள் குறைவு என்று பொருளன்று. பெரிய பயணமும் பிறந்தநாளும் மட்டுமே எழுதத் தகுந்தவை என்று அது எண்ணிக்கொண்டிருக்கிறது. அந்த எண்ணத்தை அறிவுரையால் மாற்ற முடியாது. நம்முடைய சிறு கதை ஒன்றைச் சொல்வதே வழி. சாவியைக் காணாமல் வீடெல்லாம் தேடிவிட்டு, கடைசியில் அதைக் கதவிலேயே கண்ட கதை போதும். நாம் முடிப்பதற்குள் குழந்தை "எனக்கும் ஒருநாள்..." என்று குறுக்கிடக்கூடும். அப்போது நம் கதையை அப்படியே நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும்.

எளிதில் பேசாத குழந்தைக்குப் பொருள்கள் கைகொடுக்கும். முழங்கால் தழும்பு, விழுந்த பல், காது கிழிந்த பொம்மை, காலுக்குப் பற்றாமல் போன செருப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நாள் இருக்கிறது. வீட்டு அறைகளைக் கட்டங்களாக வரைந்து, தான் விழுந்த, ஒளிந்த, அழுத இடங்களில் புள்ளி வைக்கச் சொல்வதும் நல்ல பயன் தரும்.

கரு கிடைத்த பிறகுதான் கடினமான பகுதி தொடங்குகிறது. "கடற்கரைக்குப் போனோம்" என்று ஒரு நாள் முழுவதையும் எடுத்துக்கொண்டால், எழுந்தோம், போனோம், விளையாடினோம், வந்தோம் என்ற வரிசைதான் மிஞ்சும். நண்பனிடம் முதலில் எதைச் சொல்வாய் என்று கேளுங்கள். அலை செருப்பை இழுத்துச் சென்றது என்று பதில் வந்தால், அந்த ஐந்து நிமிடமே கதை, மற்றதையெல்லாம் விட்டுவிடலாம். "நன்றாக இருந்ததா?" என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்பதற்கு மேல் பதில் வராது. "அப்போது எங்கே நின்றாய்? யார் என்ன சொன்னார்கள்? அடுத்து என்ன ஆயிற்று?" என்று கேட்டால் நினைவு விரியும். பிறகு அதற்கு முன், அந்த நொடி, அதற்குப் பின் என மூன்று படங்கள் வரையட்டும். எழுத்துகளோடு கை போராடும்போது கதை மறந்துபோகாமல் படங்கள் காத்துக்கொள்ளும்.

இந்தக் கட்டத்தில் எழுத்துப்பிழையைத் தொடவே கூடாது. "செருப்பு என்னை விட்டுட்டு ஓடிப்போச்சு" என்று குழந்தை சொன்னால், அதை அப்படியே குறித்து வையுங்கள். "அலை அடித்துச் சென்றது" என்று நாம் திருத்திய கணத்தில் அது நம்முடைய வாக்கியமாகிவிடுகிறது; குழந்தையின் வாக்கியமே மேலானது.

எழுத உட்காரும் நேரத்தில் மட்டும் கரு தேடாமல், ஏதேனும் நடந்த அன்றே ஒரு சிறு குறிப்பேட்டில் ஒரு வரி எழுதி வைப்பது நல்லது. வருத்தமான நிகழ்ச்சியை எழுத வேண்டாம் என்று குழந்தை சொன்னால் வற்புறுத்தாதீர்கள். எழுதியதைப் பிறருக்குக் காட்டும் முன்பும் அதன் சம்மதத்தைக் கேளுங்கள். ஒரே நிகழ்ச்சியை மூன்றாம் முறை எழுத விரும்பினாலும் தடுக்காதீர்கள். முதல் முறை செருப்பு மட்டும் இருந்த கதையில், மூன்றாம் முறை அதைத் துரத்தி ஓடிய அக்காவும் வந்திருப்பாள்.