புது ஸ்போர்ட்ஸ் கார்: ஆர்டர் செய்வது முதல் அன்றாடம் வைத்து ஓட்டுவது வரை

உயர்ரக ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது அதன் குதிரைத்திறனையும், 100 கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடியில் தொடும் என்பதையும்தான். வாங்கிய பிறகு இந்த இரண்டையும் பற்றி யாரும் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. குறைகள் வேறு திசையிலிருந்து வருகின்றன. பம்பர் உரசுகிறது, ஏறி இறங்கினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது, சில வாரம் வெளியூர் போய் வந்தால் பேட்டரி உயிரை விட்டிருக்கிறது. இந்தக் கார்களின் வாழ்நாளில் பெரும்பகுதி மெதுவாக ஊர்வதிலும் சும்மா நிற்பதிலுமே கழிகிறது. ஆகவே மெதுவாகப் போகும் நாட்களை மனதில் வைத்தே ஆர்டர் செய்யுங்கள் என்பது என் கட்சி. வேகத்தைக் கொடுக்கும் வேலையைத் தயாரிப்பாளர் பார்த்துக்கொள்வார்.

படி 1: அளவு நாடாவை எடுங்கள்

ஷோரூமுக்குப் போவதற்கு முன்பே கார் நிறுத்தும் இடத்தை அளந்துவிடுங்கள். 992 தலைமுறை போர்ஷே 911 கரேராவின் உடல் அகலம் 1,852 மில்லிமீட்டர். பக்கக் கண்ணாடிகளைச் சேர்த்தால் 2 மீட்டரைத் தாண்டும். அதற்கு மேல் கதவு திறக்க இடம் வேண்டும். இரண்டு கதவுக் கார்களில் கதவு நீளமாக இருக்கும். சாதாரணக் காரில் பாதி திறந்து ஒருக்களித்து இறங்குவதுபோல இதில் இறங்க முடியாது.

அடுத்தது சரிவுப்பாதை. சமதளம் முடிந்து சரிவு தொடங்கும் மடிப்பில்தான் முன் பம்பரின் அடிப்பகுதி மாட்டிக்கொள்ளும். டெஸ்ட் டிரைவ் வண்டியை அந்த இடத்துக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். இவ்வளவு பெரிய தொகை கைமாறப் போகிறது என்றால் கேட்பதில் கூச்சம் தேவையில்லை.

படி 2: இருக்கையில் அரை மணி நேரம்

ஓட்ட வேண்டாம், உட்கார்ந்தால் போதும். சாய்மானம் அசையாத கார்பன் பக்கெட் இருக்கை படத்தில் அழகாகத் தெரியும். அதில் ஏறும் விதத்தைக் கவனியுங்கள்: முதலில் பின்புறத்தை உள்ளே இறக்கி, பிறகு கால்களை ஒவ்வொன்றாக மடக்கி இழுக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் காலைத்தான் முதலில் வைப்பார்கள். அப்போது உடலின் முழு எடையும் இருக்கையின் வெளிப்பக்க விளிம்பில் விழும். பழைய ஸ்போர்ட்ஸ் கார் எதையாவது பார்த்தால் ஓட்டுநர் இருக்கையின் அந்த விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் புதிதாக இருக்க, அங்கே மட்டும் தோல் வெளிறி, தையல் பிரிந்திருக்கும்.

அடிக்கடி உடன் வரப்போகிறவரையும் உட்கார வையுங்கள். அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் மின்விசையில் நகரும் சாதாரண ஸ்போர்ட்ஸ் இருக்கைக்கு மாறிவிடுங்கள். சில கிலோ எடை கூடும். பந்தயத் தடத்துக்கு வெளியே அது யாருக்கும் தெரியப்போவதில்லை. பெட்டி வைக்கும் இடத்தையும், வழக்கமாக எடுத்துச் செல்லும் பெட்டியை வைத்தே சோதித்துவிடுங்கள். லிட்டர் கணக்கு ஒன்று சொல்லும், பெட்டியின் சக்கரம் வேறொன்று சொல்லும்.

படி 3: தேர்வுப் பட்டியல்

தயாரிப்பாளரின் இணையதளத்தில் உள்ள கன்ஃபிகரேட்டரில் நிறம், சக்கரம், இருக்கை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். பணம் கரைவது இங்கேதான். நான் சொல்லும் வரிசை, விற்பனையாளர் சொல்லும் வரிசைக்கு ஏறக்குறைய தலைகீழ்.

முதலிடம் முன்பக்கத்தை உயர்த்தும் வசதிக்கு. ஒரு பொத்தானை அழுத்தினால் காரின் மூக்கு சுமார் 40 மில்லிமீட்டர் எழும்பும். சில மாடல்களில் உயர்த்திய இடத்தை ஜி.பி.எஸ். மூலம் நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை அங்கே வரும்போது தானாகவே உயர்ந்துகொள்ளும். பின்னால் பொருத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்; தொழிற்சாலையில் போடாத காரில் பிறகு சேர்ப்பது பெரும் வேலை. கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டியது என்று நான் சொல்லும் ஒரே வசதி இதுதான்.

இரண்டாவது, பின்சக்கரமும் திரும்பும் வசதி. வேகமாகப் போகும்போது வண்டிக்கு நிலைத்தன்மை தருவதைப் பற்றியே விளம்பரங்கள் பேசும். குறைந்த வேகத்தில் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களுக்கு எதிர்த்திசையில் சற்றே திரும்புவதால் திருப்பு வட்டம் சுருங்கும். கார் நிறுத்துமிடத்தில் ஒரே திருப்பில் நுழைந்துவிடும்போது இதன் அருமை தெரியும்.

பிரேக்கில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கார்பன் செராமிக் தட்டுகள் வார்ப்பிரும்புத் தட்டுகளின் எடையில் ஏறக்குறைய பாதிதான். கடும் வெப்பத்திலும் தளராது. சக்கரத்தில் கரும்புழுதி படியாது. ஆனால் ஈரத்திலும் குளிரிலும் முதல் மிதியில் பிடிப்பு கொஞ்சம் மந்தமாக இருக்கலாம். சக்கரத்தைக் கழற்றும்போது வழிகாட்டிக் கம்பியைப் பொருத்தாமல் இழுத்தால், சக்கரம் தட்டில் மோதி ஓரம் தெறித்துவிடும். புதுத் தட்டின் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். பந்தயத் தடத்துக்கு அடிக்கடி போகாதவருக்கு இரும்புத் தட்டே போதும், தாராளமாகப் போதும்.

சக்கர விஷயத்திலும் பெரியதற்கு ஆசைப்பட வேண்டாம். சக்கரம் பெரிதாகும்போது டயரின் பக்கச்சுவர் மெலிகிறது. பள்ளத்தில் இறங்கினால் அடி நேரே ரிம்முக்குப் போகிறது. நடுவில் ஒரே நட் கொண்ட சென்டர் லாக் சக்கரங்களை எடுக்கும் முன் இரண்டு முறை யோசியுங்கள். போர்ஷேவில் அந்த நட்டை இறுக்கும் முறுக்குவிசை 600 நியூட்டன் மீட்டர். வழியில் டயர் பழுதானால் சாதாரணப் பட்டறையில் அதைக் கழற்றும் கருவியே இருக்காது.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை: கறுப்பு, துடைத்ததில் விழுந்த ஒவ்வொரு கீறலையும் வெயிலில் காட்டிக்கொடுக்கும். மற்றபடி பிடித்ததை எடுங்கள். தனிப்பட்ட நிறம் கேட்டால் காத்திருப்பு நீளும். தையல் நூலின் நிறம், சீட்பெல்ட்டின் நிறம், காற்றுத்துளைகளுக்குத் தோல் உறை ஆகியவற்றில் போடும் பணம் மறுவிற்பனையில் ஏறக்குறைய திரும்பி வராது. சந்தோஷத்துக்காகச் செய்வதென்றால் செய்யுங்கள், முதலீடு என்று மட்டும் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

படி 4: முன்பணமும் காத்திருப்பும்

டீலருக்கு ஆண்டுக்கு இத்தனை கார்கள் என்று தயாரிப்பாளர் ஒதுக்குவார். நீங்கள் கொடுக்கும் முன்பணம் அந்த ஒதுக்கீட்டில் ஓர் இடத்துக்காகவா, அல்லது வெறும் காத்திருப்புப் பட்டியலுக்காகவா என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கூடவே மூன்று விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்: பணம் திரும்பக் கிடைக்குமா, எந்தத் தேதிக்குப் பிறகு தேர்வுகளை மாற்ற முடியாது, இடையில் விலை ஏறினால் யார் தலையில் விழும்.

உற்பத்தி வாரம் உறுதியானதும் எழுத்தும் எண்ணுமாக 17 இடங்கள் கொண்ட வாகன அடையாள எண் கிடைக்கும். இறுதி விவரப் பட்டியலை வாங்கி, நீங்கள் தேர்ந்தெடுத்தவற்றோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். மாற்றும் தேதி கடந்த பிறகு கண்டுபிடிக்கும் பிழையை யாராலும் திருத்த முடியாது.

கார் தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிவிட்டாலே கைக்கு வந்துவிட்டதாக எண்ணக் கூடாது. 2022 பிப்ரவரியில் சுமார் 4,000 கார்களோடு போன ஃபெலிசிட்டி ஏஸ் என்ற கப்பல் அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே தீப்பிடித்து, மார்ச் 1 அன்று அட்லாண்டிக் கடலில் மூழ்கியது. அதில் போர்ஷே, பென்ட்லி, லம்போர்கினி கார்கள் இருந்தன. லம்போர்கினி அவென்டடோரின் உற்பத்தி முடியும் தறுவாயில் இருந்ததால், மூழ்கியவற்றுக்கு ஈடாக மீண்டும் தயாரிக்க வேண்டி வந்தது. சாவி கைக்கு வரும்வரை இழப்பு யாருடையது என்பது ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கட்டும்.

படி 5: காப்பீடு

டெலிவரிக்கு முன்பே பேசி முடியுங்கள். கார் முழுதாக அழிந்தால் சந்தை மதிப்பைத் தருவார்களா, முன்கூட்டி ஒப்புக்கொண்ட தொகையைத் தருவார்களா என்பதுதான் முக்கியமான கேள்வி. பந்தயத் தடத்தில் ஓட்டுவதைப் பெரும்பாலான பாலிசிகள் ஏற்காது.

படி 6: டெலிவரி எடுக்கும் நாள்

இரண்டு நாள் முன்னதாகவே டீலரிடம் சொல்லிவிடுங்கள்: மெருகேற்ற வேண்டாம், முடிந்தால் கழுவவும் வேண்டாம். அவசரத்தில் அழுக்குத் துணியால் துடைத்துவிட்டு அதன்மேல் மெழுகு பூசிக் கொடுப்பது நடக்கிற கதை. பெயின்ட்டைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கைபேசி விளக்கைச் சாய்வாகப் பிடித்தால் சிலந்திவலைபோல வட்ட வட்டமாகக் கீறல்கள் தெரிகின்றனவா என்று புரிந்துவிடும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: பயணத்தின்போது வண்டி ஆடாமல் இருக்க, சில கார்களின் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்குகளில் தடுப்புக் கட்டைகள் வைத்து அனுப்புவார்கள். டயர்களிலும் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் காற்று இருக்கும். கட்டைகளை எடுத்தாகிவிட்டதா, காற்றழுத்தம் சரிசெய்யப்பட்டதா என்று கேட்டு, முடிந்தால் உங்கள் கண் முன்னால் அளக்கச் சொல்லுங்கள்.

கல் தெறிப்பிலிருந்து காக்கும் பாலியூரிதேன் படலம் ஒட்டுவதாக இருந்தால், நேராக அங்கே கொண்டு போங்கள். சுமார் 200 மைக்ரான் தடிமன் உள்ள அந்தப் படலம் சிறு கற்களைத் தாங்கும். செராமிக் பூச்சு வேறு சங்கதி. அது தண்ணீரை உருட்டிவிடும், கழுவுவதைச் சுலபமாக்கும், கல்லை நிறுத்தாது. இரண்டையும் ஒன்றாகப் பேசி விற்பவர்கள் உண்டு.

படி 7: பழக்கும் காலம்

இக்கால எஞ்சின்களுக்கு இது தேவையில்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயாரிப்பாளர்களின் கையேடுகள் அப்படிச் சொல்லவில்லை. பி.எம்.டபிள்யூ.வின் எம் வரிசைக் கார்களின் கையேடுகளில் முதல் 2,000 கிலோமீட்டருக்கு 5,500 ஆர்.பி.எம். (எஞ்சின் ஒரு நிமிடத்தில் சுழலும் எண்ணிக்கை), மணிக்கு 170 கிலோமீட்டர் என்று வரம்பு இருக்கிறது. அந்தக் கட்டம் முடிந்ததும் எஞ்சின் ஆயிலை மாற்ற வேண்டும். போர்ஷே முதல் 3,000 கிலோமீட்டருக்கு நிதானமாக ஓட்டச் சொல்கிறது. உங்கள் காரின் கையேடு என்ன சொல்கிறதோ அதுவே முடிவு.

மெதுவாக ஓட்டுவது என்றால் ஒரே வேகத்தில் உருட்டுவது அல்ல. கியரையும் ஆர்.பி.எம்.மையும் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். புது டயரின் மேற்பரப்பு வழுக்கும், புது பிரேக் பேட் தட்டோடு இன்னும் பொருந்தியிருக்காது. முதல் 200, 300 கிலோமீட்டருக்கு முன்னால் போகும் வண்டியிலிருந்து நன்றாகவே விலகியிருங்கள்.

படி 8: அன்றாடம்

காலையில் கிளப்பியதும் நின்ற இடத்திலேயே உறுமவிட்டுக் காத்திருக்க வேண்டாம். உடனே கிளம்பி மென்மையாக ஓட்டுங்கள். பார்க்க வேண்டியது எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரின் வெப்பமானி அல்ல, ஆயிலின் வெப்பமானி. தண்ணீர் சீக்கிரம் சூடாகிவிடும், ஆயில் பின்தங்கித்தான் வரும். அது 80 டிகிரியைத் தொடும்வரை ஆக்சிலரேட்டரைப் பாதிக்கு மேல் அழுத்தாதீர்கள். ஐந்து நிமிடத்தில் முடியும் பயணங்கள் மட்டுமே இருந்தால் ஆயில் முழுதாகச் சூடாகவே ஆகாது. ஈரமும் பெட்ரோலும் அதில் தங்கிவிடும். அப்படிப்பட்டவர்கள் அவ்வப்போது ஒரு நீண்ட ஓட்டம் கொடுங்கள்.

டயர்களை முன்பின்னாக மாற்றிப்போடும் பழக்கம் இங்கே செல்லாது. 992 கரேரா எஸ் காரில் முன்சக்கரம் 20 அங்குலம், பின்சக்கரம் 21 அங்குலம். பின் டயர் முதலில் தேயும், அதற்குத் தயாராக இருங்கள். போர்ஷே ஒப்புதல் பெற்ற டயர்களில் N என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். வாங்கும்போது அதைப் பாருங்கள். கோடைக்கால டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகிவிடும். அந்த நிலையில் வலது கால் அடக்கமாக இருப்பது நல்லது.

சர்வீஸ் தேதிகளைத் தவறவிடாதீர்கள், கிலோமீட்டர் குறைவாக ஓடியிருந்தாலும். ஃபெராரி 2011 முதல் புதுக் கார்களுக்கு ஏழாண்டுப் பராமரிப்புத் திட்டம் தருகிறது. அதில் சர்வீஸ் 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை. ஆண்டுக்கு 1,000 கிலோமீட்டர் ஓடும் காரும் அந்த ஒருமுறைக்கு வந்தாக வேண்டும்.

படி 9: சும்மா நிற்கும் நாட்கள்

பூட்டி நிறுத்திய காரிலும் அலாரமும் சாவியைத் தேடும் ரிசீவரும் மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று வாரம் ஓடாது என்றால், அளவறிந்து தானே நிறுத்திக்கொள்ளும் பராமரிப்புச் சார்ஜரை இணைத்துவிடுங்கள். டயரில் கையேடு அனுமதிக்கும் அளவுக்குக் காற்றைச் சற்றுக் கூட்டினால் ஒரே பக்கம் அமுங்கித் தட்டையாவது குறையும். வெறும் எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பதால் பேட்டரிக்கும் நன்மையில்லை, ஆயிலுக்கும் நன்மையில்லை.

அப்படியும் பேட்டரி தீர்ந்துபோனால் என்ன செய்வது என்பதைக் கார் வந்த முதல் வாரத்திலேயே ஒத்திகை பார்த்துவிடுங்கள். 911இல் பேட்டரி முன்மூடிக்கு அடியில் இருக்கிறது. அந்த மூடியோ மின்சாரத்தில் திறப்பது. ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் உலோகச் சாவியால் கதவைத் திறந்து, ஃபியூஸ் பெட்டியில் இருக்கும் முனையை வெளியே இழுத்து, வேறொரு பேட்டரியிலிருந்து கொஞ்சம் மின்சாரம் கொடுத்தால் மூடி திறக்கும். உங்கள் காரில் அந்த முனை எங்கே இருக்கிறது என்று பார்த்து, கையேட்டின் அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.