வீட்டிலேயே ஃபைபர்கிளாஸ் பைக் சீட்: பொருள் வாங்கும்போது நடக்கும் தவறுகள்

ஃபைபர்கிளாஸ் வேலை பழக நினைப்பவர்களுக்கு சீட் பேஸ், அதாவது பைக் சீட்டின் கெட்டியான அடித்தட்டு, நல்ல தொடக்கம். மேலே ஃபோமும் கவரும் வந்து மூடிவிடுவதால் மேடு பள்ளம் யாருக்கும் தெரியாது. அப்படியும் நிறைய பேருக்கு இது கெட்டுப்போகிறது. பாதி நேரம் கைமேல் குற்றம் இல்லை, வாங்கி வந்த பொருள்களே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை. ஊற்றினால் இறுகும் திரவமான ரெசினில் நல்லது என்று ஒன்றையும், அதில் ஊறவைக்கும் கண்ணாடியிழை விரிப்பான மேட்டில் நல்லது என்று ஒன்றையும் தனித்தனியாக விசாரித்து வாங்குகிறார்கள். எதன் மேல் படியவைக்கப் போகிறோம், எந்த ரெசின், அதற்கு எந்த மேட் என்ற வரிசையில் யோசித்தால் பாதித் தலைவலி போய்விடும்.

அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ரெசின் வாங்குவது

வீட்டில் வேலை செய்பவர்கள் முதலில் கையில் எடுப்பது தெர்மாகோல்தான். வெட்டுவது சுலபம், தேய்த்தால் நினைத்த வடிவம் வரும். அதன் மேல் பாலியெஸ்டர் ரெசினை ஊற்றினால் சில நிமிடங்களில் குழி விழத் தொடங்கும். பாலியெஸ்டர் ரெசினில் கலந்திருக்கும் ஸ்டைரீன் என்ற திரவம் தெர்மாகோலைக் கரைத்துவிடும். வினைல் எஸ்டர் ரெசினிலும் ஸ்டைரீன்தான், அதனால் அதுவும் இதே கதை. எபாக்ஸி மட்டும் தெர்மாகோலை ஒன்றும் செய்யாது.

பாலியெஸ்டர்தான் வேண்டும் என்றால் வடிவத்தைப் பாலியூரித்தேன் ஃபோமில் செதுக்குங்கள். இல்லையென்றால் தெர்மாகோல் முழுவதையும் பேக்கிங் டேப் போட்டு இடைவெளி விடாமல் மூடுங்கள். ஓர் ஊசிமுனை இடைவெளி இருந்தாலும் ஸ்டைரீன் உள்ளே புகுந்து பள்ளம் பறித்துவிடும்.

வண்டியின் ஃபிரேம் மேலேயே நேராக மேட் போட்டு வடிவம் எடுப்பவர்களும் உண்டு. பேஸ் கச்சிதமாகப் பொருந்தும் என்பதால் நல்ல வழிதான். ஆனால் ஸ்டைரீன் பெயின்ட்டையும் இளக்கும், குறிப்பாகப் புதிதாக அடித்த பெயின்ட்டை. டேங்க், பக்கவாட்டு பேனல், ஒயரிங் எல்லாவற்றையும் பாலித்தீன் தாளால் மூடி, ரெசின் படும் இடத்தில் அலுமினியம் டேப் ஒட்டி, அதன் மேல் ரெசின் ஒட்டாமல் தடுக்கும் ரிலீஸ் மெழுகு தடவிவிடுங்கள். வெறும் காகித மாஸ்கிங் டேப் ரெசினை உறிஞ்சி அதோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு சுரண்டி எடுக்க ஒரு நாள் போய்விடும்.

இதைவிட ஏமாற்றம் தரும் வேலை ஒன்று இருக்கிறது: கம்பெனி சீட்டின் பழைய பிளாஸ்டிக் பேஸை வெட்டி, அதன் நீளத்தையோ அகலத்தையோ ஃபைபர்கிளாஸால் கூட்டுவது. பேஸைத் திருப்பிப் பாருங்கள். எங்காவது ஓர் ஓரத்தில் பிபி அல்லது பிஇ என்ற ஆங்கில எழுத்துகள் அச்சில் பொறிக்கப்பட்டிருக்கலாம். அப்படியானால் அது பாலிப்ரோபிலீன் அல்லது பாலிஎத்திலீன். அவற்றில் எந்த ரெசினும் ஒட்டாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் அன்றைக்குப் பிடித்தது போல் இருக்கும், ஒரு வாரம் ஓட்டியதும் விளிம்பிலிருந்து தோலுரிந்து வரும். ஏபிஎஸ் என்று இருந்தால் நன்றாகத் தேய்த்துவிட்டுச் செய்யலாம், பரவாயில்லாமல் பிடிக்கும். ஒட்டாத பிளாஸ்டிக் என்றால் அதை அச்சாக மட்டும் வைத்துக்கொண்டு, அதன் மேல் புதிய பேஸை முழுதாக எடுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ஒட்டாது என்பதே அங்கே வசதியாகிவிடும்.

எபாக்ஸியோடு சாதாரண மேட்

விலை கூடியது, வலிமையானது என்று எபாக்ஸி வாங்குவார்கள். கூடவே எல்லோரும் வாங்கும் அதே மேட்டையும் வாங்குவார்கள். அங்கேதான் தவறு.

வெட்டிய இழைகளைத் தூவிச் செய்யும் மேட் துணி போல நெய்யப்பட்டது இல்லை. இழைகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது ஒரு பசை. அந்தப் பசை ஸ்டைரீனில் கரையும்படி செய்யப்பட்டது. பாலியெஸ்டர் பட்டதும் ஓரிரு நிமிடத்தில் மேட் தளர்ந்து, ஈரத் துணி போல வளைவுகளில் படிந்துவிடும். வெள்ளையாக இருந்தது கண்ணாடி போலத் தெளியும். ரெசின் முழுதும் ஊறியதற்கு அதுதான் அடையாளம். எபாக்ஸியில் ஸ்டைரீன் கிடையாது, பசை கரையாது. மேட் விறைப்பாகவே நிற்கும். பிரஷால் ஒரு மூலையை அழுத்தினால் எதிர்மூலை எழும்பும். எவ்வளவு ரெசின் ஊற்றினாலும் நடுவில் வெண்திட்டுகள் மிஞ்சும்.

எபாக்ஸி என்றால் நெய்த கண்ணாடியிழைத் துணி வாங்குங்கள். சதுர மீட்டருக்கு 200 கிராம் அளவுள்ள துணி வளைவுகளில் நன்றாகப் படியும். எபாக்ஸிக்கும் ஒத்துவரும் என்று தனியாகக் குறிப்பிட்டு விற்கும் மேட்டும் உண்டு, அதுவும் சரி.

உண்மையைச் சொன்னால், சாதாரண சீட் பேஸுக்கு எபாக்ஸி தேவையே இல்லை. பொதுப் பயன்பாட்டு பாலியெஸ்டரும் மேட்டும் போதும். தெர்மாகோல் அச்சை விட முடியாது, இரும்பு பேஸோடு ஒட்டவேண்டும், அல்லது ஸ்டைரீன் வாடையை வீட்டில் சமாளிக்க முடியாது என்ற நிலை இருந்தால் மட்டும் எபாக்ஸி பக்கம் போங்கள். கார்பன் ஃபைபர் பற்றி என்னிடம் கேட்டால், ஃபோமுக்கு அடியில் அதைப் புதைப்பது வீண்செலவு.

ஒருமுறை எபாக்ஸியில் தொடங்கினால் அதிலேயே முடிக்கவேண்டும். காய்ந்த பாலியெஸ்டர் மேல், தேய்த்துவிட்டு எபாக்ஸி போடலாம். காய்ந்த எபாக்ஸி மேல் பாலியெஸ்டர் நம்பகமாகப் பிடிக்காது.

பெயரில் ரெசின் இருந்தால் எல்லாம் ஒன்று என்று நினைப்பது

மேசை, நகை, அலங்காரப் பொருள் வார்ப்பதற்கென்று விற்கும் தெளிவான எபாக்ஸி பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது கனமாக ஊற்றுவதற்காகத் தயாரித்தது. மெதுவாக இறுகும், சரிவான பக்கங்களில் நிற்காமல் வழிந்து கீழே தேங்கும். அதில் பல வகைகள் வெயில் சூட்டுக்கே இளகக்கூடியவை. அறை வெப்பத்தில் காயும் எபாக்ஸிகள் பலவும் 50, 60 டிகிரி செல்சியஸ் தாண்டினால் விறைப்பை இழக்கத் தொடங்கும். வெயிலில் நிற்கும் கறுப்பு சீட் அந்தச் சூட்டைத் தொடுவது பெரிய விஷயமில்லை. சைலன்சர் சீட்டுக்கு அடியில் போகிற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். டப்பாவில் லேமினேட்டிங் (அடுக்கடுக்காகப் படியவைப்பதற்கானது) என்று இருக்கிறதா, எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருக்கிறதா என்று இரண்டையும் பார்த்து வாங்குங்கள். சூடு அதிகம் என்றால் ஐசோஃப்தாலிக் பாலியெஸ்டரோ வினைல் எஸ்டரோ பொருத்தம்.

பாலியெஸ்டரிலும் இரண்டு விதம் உண்டு. மெழுகு கலக்காதது காற்று படும் மேற்பரப்பில் பிசுபிசுப்பாகவே நிற்கும். அது குறை இல்லை, அடுத்த அடுக்கு ஒட்டுவதற்காக அப்படித் தயாரித்திருக்கிறார்கள். மெழுகு கலந்தது மேலே காய்ந்து தேய்க்க வரும். எல்லா அடுக்கையும் மெழுகு கலந்ததில் போட்டு, இடையில் காயவிட்டால் அடுக்குகள் பின்னால் பிரிந்து வரும். மாறாக எல்லாவற்றையும் மெழுகில்லாததில் முடித்துவிட்டு, பிசுபிசுப்பு போகவில்லையே என்று, ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்டை ஏற்றுபவர்கள் அதிகம். கடைசி அடுக்குக்கு மட்டும் மெழுகு கலந்தது எடுத்தால் போதும்.

பாடி ஃபில்லர் பேஸ்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது பள்ளம் நிரப்ப. இழை இல்லாமல் அதைத் தடிமனாகப் பூசி சீட்டுக்கு வடிவம் கொடுத்தால், உட்கார்ந்து எழும் அசைவில் விரிசல் விடும்.

கேட்டலிஸ்டைக் கண்ணளவில் ஊற்றுவது

பாலியெஸ்டருக்கான கேட்டலிஸ்ட், அதாவது எம்இகேபி, ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம். 200 கிராம் ரெசினுக்கு 1.5 சதவீதம் என்றால் 3 கிராம். கண்ணால் பார்த்து ஊற்றும்போது 3 கிராம் எங்கே, 6 கிராம் எங்கே? கிராமில் ஒரு தசமம் காட்டும் சிறு தராசு, இல்லையென்றால் ஊசியில்லாத சிரிஞ்ச், இரண்டில் ஒன்று ரெசினோடு சேர்த்து வாங்கவேண்டிய பொருள். கேட்டலிஸ்ட் கூடினால் சீக்கிரம் இறுகும், கூடவே சூடேறி நொறுங்கும் தன்மை வரும். குறைந்தால் வாரக்கணக்கில் ரப்பர் போலவே கிடக்கும்.

எபாக்ஸியின் கணக்கு வேறு. அதில் ஹார்டனர் வேகத்தைக் கூட்டுவதற்கு இல்லை, ரெசினோடு இணைந்து அதே பொருளின் ஒரு பங்காகவே மாறுகிறது. அதனால் சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் மிச்சம் உள்ளேயே தங்கி, காய்வது கெட்டுவிடும். வேகம் வேண்டுமானால் வேக ஹார்டனர் என்று தனியாக இருக்கும், அதை வாங்கவேண்டும். விகிதம் எடையிலா கன அளவிலா என்பதையும் டப்பாவில் பாருங்கள், இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை.

இன்னொன்று, இது விளையாட்டு இல்லை. சில பாலியெஸ்டர் ரெசின்களோடு, இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்ஸிலரேட்டரைத் தனியாகத் தருவார்கள், கருநீல நிறத்தில் இருக்கும். அதையும் எம்இகேபியையும் ஒருபோதும் நேராகக் கலக்கக் கூடாது, வெடிக்கும் அளவுக்கு வினை நடக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கி, அதற்குப் பிறகுதான் கேட்டலிஸ்ட். இந்த வம்பே வேண்டாம் என்றால், ஆக்ஸிலரேட்டர் ஏற்கெனவே கலந்த ரெசினைக் கேட்டு வாங்குங்கள். வீட்டு வேலைக்கு அதுதான் என் தேர்வு.

எத்தனை அடுக்கு, எவ்வளவு ரெசின்

சதுர மீட்டருக்கு 450 கிராம் உள்ள மேட் ஓர் அடுக்கு காய்ந்தால் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். ஒற்றை சீட்டுக்கு மூன்று அடுக்கு, அதாவது 3 மில்லிமீட்டர் போதும். ஆனால் போல்ட் வரும் இடத்திலும் ரப்பர் புஷ் ஃபிரேமில் உட்காரும் இடத்திலும் இன்னும் இரண்டு மூன்று துண்டுகள் கூடுதலாகப் போடவேண்டும். பேஸ் உடைவது அங்கேதான், நடுவில் உடைந்து யாரும் பார்த்ததில்லை. விளிம்பை 2 சென்டிமீட்டர் கீழே மடித்து எடுத்தால் இன்னோர் அடுக்கு போட்ட விறைப்பு சும்மா கிடைக்கும்.

பேஸ் 60க்கு 28 சென்டிமீட்டர் என்று வையுங்கள். சுற்றிலும் 5 சென்டிமீட்டர் விட்டு வெட்டினால் 70க்கு 38. மூன்று அடுக்குக்கு மேட் ஏறக்குறைய 360 கிராம் வரும். மேட்டுக்கு அதன் எடையில் 2 முதல் 2.5 மடங்கு ரெசின் தேவை, எனவே 720 முதல் 900 கிராம். கூடுதல் துண்டுகளையும் சேர்த்தால் ஒரு கிலோ ரெசின் சரியாக இருக்கும். நெய்த துணி இவ்வளவு குடிக்காது, அதன் எடைக்குச் சமமான ரெசினே போதும். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஐந்து கிலோ வாங்கி வைக்காதீர்கள். பாலியெஸ்டர் ரெசின் சில மாதங்களில் டப்பாவுக்குள்ளேயே கெட்டியாகிவிடும், தயாரித்த தேதியைப் பார்த்து வாங்கவேண்டிய சரக்கு அது.

ஒரு கிலோவையும் ஒரே குவளையில் கலக்குவது அடுத்த தவறு. இறுகும்போது ரெசின் சூடாகும், குவளையில் குவிந்திருந்தால் சூடு வெளியேற வழியில்லை. கையில் பிடித்திருக்கும்போதே வெதுவெதுப்பு தெரியும், அடுத்த நிமிடம் பிடிக்க முடியாது, அப்புறம் புகை. 200 கிராமாகக் கலந்து, அகலமான தட்டில் ஊற்றி வேலை செய்யுங்கள். மீந்ததைக் குப்பைத் தொட்டியில் போடாமல் வெளியே வெறும் தரையில் ஆறவிடுங்கள், தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு.

மேட்டை உலர்ந்த இடத்தில் வையுங்கள், ஈரம் இறங்கிய மேட்டில் ரெசின் சரியாகப் பிடிக்காது. 15 டிகிரிக்குக் கீழே குளிர் இருக்கும் நாளில் பாலியெஸ்டர் வேலையைத் தள்ளிப்போடுவது நல்லது.

கடைசியில் நினைவுக்கு வரும் பொருள்கள்

ரெசினுக்கும் மேட்டுக்கும் பணத்தைக் கொட்டிவிட்டு, முகமூடிக்கு ஒரு துணியைக் கட்டிக்கொள்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். தூசி முகமூடி ஸ்டைரீன் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரிம ஆவி கார்ட்ரிட்ஜ் உள்ள ரெஸ்பிரேட்டர் வேண்டும். காய்ந்ததை வெட்டித் தேய்க்கும்போது தூசிக்கான முகமூடி. கைக்கு நைட்ரைல் கையுறை. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், எம்இகேபி ஒரு சொட்டு கண்ணில் தெறித்தாலும் பார்வையே போகலாம்.

கவரை எப்படிப் பொருத்துவது என்பதையும் மேட் போடுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். கையால் அழுத்தும் ஸ்டேப்ளர் கெட்டியான ஃபைபர்கிளாஸில் இறங்காது, பின் மடங்கித் தெறிக்கும். காற்றழுத்த ஸ்டேப்ளரும் 6 மில்லிமீட்டர் பின்னும் இருந்தால் முயலலாம். இல்லையென்றால் வாஷரோடு ரிவெட், அல்லது மடித்த விளிம்பில் கான்டாக்ட் பசை. போல்ட்டுகளை, துளை போட்ட இரும்புத் தகட்டில் வெல்டு வைத்து அடுக்குகளுக்கு இடையில் புதைத்துவிட்டால் பிடுங்கிக்கொண்டு வராது.

பேஸை அச்சிலேயே ஒரு நாள் விடுங்கள். பாலியெஸ்டர் காயும்போது கொஞ்சம் சுருங்கும், அவசரப்பட்டு எடுத்தால் முறுக்கிக்கொள்ளும். அதன் பிறகும் ஒரு வாரம் காற்றோட்டமாக வைத்து, முகர்ந்து பாருங்கள். ஸ்டைரீன் வாடை காட்டமாக இருந்தால் இன்னும் காயவில்லை. அந்த நிலையில் ஃபோம் ஒட்டி மூடினால் வாடை உள்ளேயே சிக்கிக்கொள்ளும், வெயிலில் உட்காரும்போதெல்லாம் மூக்கில் ஏறும்.